நேற்றைய சூடு

பெங்களூரில் நான் வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அந்தக் குறைப்பில் நானும் இருந்தேன். அப்படித்தான் கோவில்பட்டிக்குத் திரும்பி வந்தேன். என்னோடு கல்லூரியில் படித்தவள் ஒருத்தி ரயில் நிலையம் போகும் சாலையில், ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடியில் அறை எடுத்து மென்பொருள் வேலை செய்துகொண்டிருந்தாள். புதூர்ப் பக்கத்துக்காரி. அவள் அப்பாவுக்கு இன்றும் ஆடுகள்தான் தொழில். "வீட்ல இருந்து சுவத்தப் பாத்துக்கிட்டு என்னட்டி செய்யப் போற? வா, ரெண்டு பேரும் சேந்து பாப்போம்" என்றாள். போனேன். கீழே பாகு காய்ச்சும் வாசனை நாள் முழுக்க மாடிக்கு வந்துகொண்டிருக்கும். முதல் வாரம் பிடித்திருந்தது. பிறகு மூக்கு அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டது.

அப்போது எங்களுக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு நூற்பாலை. அந்த மில்லின் பஞ்சுக் குடோனுக்குப் பொறுப்பாளர் என் அக்காவின் கணவர். அத்தான் அங்கே இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறார். தோழிக்கு அந்த வேலை கிடைத்ததற்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நான் அங்கே போய் உட்கார்ந்த பிறகு, அவர் நிற்கிற இடத்தைத்தான் எங்கள் கணினித் திரை பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு எனக்கு எப்போதும் இருந்தது.

பஞ்சுக் குடோனில் பயப்பட வேண்டியது வெளியே தெரிகிற நெருப்புக்கு அல்ல. பருத்தியை அரைத்துக் கொட்டை பிரிக்கும் இடத்தில் ஒரு சின்னப் பொறி பஞ்சோடு சேர்ந்து அழுத்தப்பட்டுப் பொதிக்குள் போய்விட்டால், காற்றில்லாமல் அது உள்ளேயே கனன்றுகொண்டு கிடக்கும். இரும்புப் பட்டை கட்டிய பொதியை மில்லில் பேல் என்பார்கள். பேலின் வெளிப்பக்கம் தொட்டால் குளிர்ந்தே இருக்கும். புகை வராது. நாள் கணக்கில், சில நேரம் வாரக் கணக்கில் அப்படியே இருக்கும். யாராவது பட்டையை வெட்டும் நேரத்தில் காற்றைக் கண்டு எழுந்துகொள்ளும்.

இதற்காகத்தான் மில்லில் நீளமான உலோகக் குச்சிகளை வாங்கி அடுக்குகளுக்குள் செருகியிருந்தார்கள். குச்சியின் முனை சூட்டை அளக்கும். எல்லாக் குச்சிகளும் சுவரில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியில் வந்து சேரும். பெட்டியைச் செய்தவர்கள் அதோடு பேசுவதற்கு சி மொழியில் ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, கொடுத்திருந்தார்கள். மில்லின் திரையை நாங்கள் எழுதியது பைத்தான் மொழியில். இரண்டுக்கும் நடுவே ஒரு இணைப்பு வேண்டும். எங்கள் தொழிலில் அதை பைண்டிங் என்போம். அந்த பைண்டிங்கை நான் வருவதற்கு முன்பே தோழி எழுதி முடித்திருந்தாள். நன்றாக எழுதியிருக்கிறோம் என்ற நம்பிக்கையில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் பொதுவாகவும் போட்டுவைத்திருந்தாள். எனக்கு வந்த வேலை சின்னது. சூடு ஏறினால் அத்தானுக்கும் மேலாளருக்கும் கைபேசியில் செய்தி போக வேண்டும். அவ்வளவுதான்.

எச்சரிக்கை இரண்டு வகை. சூடு ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டினால் சிவப்பு. கோட்டைத் தாண்டாவிட்டாலும், நேற்று இதே நேரம் இருந்ததைவிட இன்று கூடியிருந்தால் மஞ்சள். இரண்டாவதுதான் முக்கியம் என்று தோழியே சொன்னாள். பஞ்சு சூட்டை வெளியே விடாது. குச்சி கொஞ்சம் தள்ளி இருந்தால் உள்ளே கங்காக இருக்கும்போதுகூட அது நாற்பதையோ ஐம்பதையோதான் காட்டும். ஏறுகிறதா என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அது ஆனி மாதம். எங்கள் பக்கத்தில் அந்த மாதக் காற்று ஆளைத் தள்ளும். கரிசல் முழுக்க வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. மாடி ஜன்னலைத் திறந்தால் மேசை மேல் கறுப்புப் புழுதி படியும், மூடினால் வேகும். தோழி திறந்துவைப்பாள், நான் மூடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் சாப்பாட்டை முடிக்காமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

"என்னக்கா, அத்தானுக்கு உடம்புக்கு என்ன?"

"தலவலின்னு சொல்லுதாவ. இப்ப ஒரு வாரமா இப்படித்தான். காலையில நல்லாத்தான் போறாவ. சாயங்காலம் வரும்போது நெத்தியப் பிடிச்சுக்கிட்டு வாராவ."

"டாக்டர்ட்ட காட்டலியா?"

"வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்னு மாத்திரையப் போட்டுக்கிடுதாவ. கேட்டாத்தான?"

உள்ளே இருந்து அத்தான் குரல் வந்தது. "ஒண்ணுமில்லம்மா. குடோன் கதவ இந்தக் காத்துக்குத் தெறக்க முடியல. மூடிக்கெடக்க எடத்துல நின்னா அப்படித்தான் இருக்கும்."

நானும் வெயில் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை செய்தி அனுப்பும் பகுதியை எழுத உட்கார்ந்தேன். மில்லின் திரையை எங்கள் அறையிலிருந்தே பார்க்கலாம். குச்சிக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் இப்போதைய சூடு, பக்கத்தில் 'மாற்றம்' என்று ஒரு கட்டம். எல்லா வரியும் பச்சை. எல்லா மாற்றமும் 0.0.

நல்ல விஷயம்தான் என்று வேலையைத் தொடர்ந்தேன். மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தேன். இப்போதைய சூடு எல்லா வரியிலும் ஏறியிருந்தது. கோவில்பட்டி மதியத்துக்கு அது ஏறத்தான் செய்யும். மாற்றம் மட்டும் 0.0. சாயங்காலமும் அப்படியே. மறுநாள் காலையில் வானம் மூடிக்கொண்டு, முந்தின நாளைவிட நன்றாகவே குளிர்ந்திருந்தது. அப்போதும் எல்லா வரியிலும் 0.0.

அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவரில் மாட்டிய ஒரு வெப்பமானிகூட இன்றைக்கும் நேற்றைக்கும் ஒரே எண்ணைக் காட்டாது. இத்தனை குச்சிகளில் ஒன்றுகூடவா ஒரு புள்ளி அசையவில்லை?

"இந்த மாற்றம் எப்பவாவது பூஜ்யம் இல்லாம இருந்து பாத்திருக்கியா?" என்று தோழியிடம் கேட்டேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏறலன்னா பூஜ்யம்தான?"

"இறங்குனாலும் பூஜ்யமாட்டி?"

இப்போது திரும்பினாள். "டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுது. நான் ஏத்திப் பாத்தேன், மஞ்சள் வந்துச்சு."

அறையில் உபரியாக ஒரு பெட்டியும் ஒரு குச்சியும் இருந்தன. அதை இணைத்தேன். அறைக் காற்றில் வைத்து ஓர் அளவு எடுத்து, அதற்கு 'முதல்' என்று பெயர் வைத்தேன். திரையில் முப்பத்து நாலு என்றது. எதிர்க்கடையிலிருந்து வந்த டீ மேசையில் ஆறாமல் இருந்தது. குச்சியின் முனையை அதற்குள் விட்டு இன்னோர் அளவு எடுத்தேன். 'இரண்டு'. அறுபத்தொன்று. பிறகு 'முதல்' எவ்வளவு என்று மறுபடி கேட்டேன்.

அறுபத்தொன்று என்றது.

காற்றில் எடுத்த அளவு அது. குச்சி டீயைத் தொடுவதற்கு முன்பே எடுத்து வைத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறிவிட்டது. குச்சியை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, புதிதாக ஓர் அளவு எடுத்துவிட்டுக் கேட்டேன். 'முதல்', 'இரண்டு' இரண்டும் சேர்ந்தே இறங்கின.

தோழி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். என்ன நடக்கிறது என்று எனக்கு முன்பே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். சி லைப்ரரி ஒவ்வொரு குச்சிக்கும் மெமரியில் ஓர் இடம் வைத்திருக்கிறது. புது அளவு வந்தால் பழையதை அழித்து அதே இடத்தில் எழுதும். தோழியின் பைண்டிங் அந்த எண்ணைப் பிரதி எடுக்கவில்லை. அந்த இடத்தைச் சுட்டிக்காட்டும் ஒரு பொருளை மட்டும் கொடுத்தது. அதனிடம் சூடு எவ்வளவு என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அது போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது. நேற்று எடுத்துவைத்ததும் இன்று எடுத்ததும் ஒரே இடத்தைத்தான் பார்த்தன. இன்றிலிருந்து இன்றைக் கழித்தால் பூஜ்யம்தான் வரும். டெஸ்டுக்காக அவள் கையால் செய்துபோட்ட போலி அளவுகளோ தனித்தனிப் பொருள்கள். அதனால் அங்கே எல்லாம் சரியாக வந்தது.

"அது சின்னப் பெட்டி. மெமரி கம்மி. ஒவ்வொரு வாட்டியும் புதுசு புதுசா உண்டாக்கிக்கிட்டு இருந்தா மூச்சு முட்டும்னுதான்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

"வரைபடத்துக்கு மணிக்கொரு எண்ணு எழுதுதுல்லா, அது எங்கன இருக்கு?"

இருந்தது. வரைபடம் போடுவதற்காக அந்தந்த மணியில் வெறும் எண்ணாக எழுதப்பட்டவை. அவை சரியாகவே இருந்தன. அவற்றை எடுத்து மாற்றத்தை நாங்களே கணக்கிட்டோம். ஒவ்வொரு குச்சியும் பகலில் ஏறி இரவில் இறங்கியிருந்தது. வடக்கு மூலையில் அடியில் செருகிய ஒன்று மட்டும் இறங்கவில்லை. பகலில் கொஞ்சம் ஏறியது, இரவில் அங்கேயே நின்றது, மறுநாள் அதிலிருந்து ஏறியது. கடைசி எண் நாற்பத்தெட்டு. சிவப்புக் கோடு அறுபதில் இருந்தது.

அக்கா சொன்ன தலைவலி அப்போதுதான் என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது. புகை வெளியே தெரியாவிட்டாலும், காற்றில்லாமல் கனலும் பஞ்சிலிருந்து மணமில்லாத நச்சு வாயு கசியும்.

அத்தானுக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அக்காவுக்கு அடித்தபோது, "இப்பத்தான் மாத்திரையப் போட்டுட்டுப் போனாவ, குடோனுக்குள்ள டவர் கெடைக்காதுட்டி" என்றாள். ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் காற்று ஆட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. தோழி இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

மேலாளர் முதலில் நம்பவில்லை. கைபேசியில் திரையைத் திறந்து எங்களிடமே காட்டினார்.

"எல்லாம் பச்சையாத்தானம்மா இருக்கு. மாற்றமும் இல்ல."

"அந்தப் பூஜ்யம் தப்பு சார். அது எப்பவுமே பூஜ்யம்தான் காட்டும்."

"நாப்பத்தெட்டுதான. கோடு தாண்டலியே. அடியில உள்ள பேல எடுக்கணும்னா மேல உள்ளது அம்புட்டையும் இறக்கணும். தெரியும்லா?"

அதற்குள் அத்தான் வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே உள்ளே போனார். நாங்களும் பின்னால் போனோம். உள்ளே மங்கலாக, அமைதியாக இருந்தது. வெளியே அத்தனை காற்று அடித்தும் அங்கே ஒரு தும்பு அசையவில்லை. வடக்கு மூலையில் பேலின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"குளுந்துதான் கெடக்கு" என்றார். பிறகு அந்தக் குச்சியைப் பிடித்து, செருகியிருந்த ஆழத்தைத் தாண்டி இன்னும் உள்ளே அழுத்தினார். கொஞ்சம் பொறுத்து இழுத்தார். முனை கறுத்திருந்தது. அதில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளி முகர்ந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க."

"அத்தான், நீங்களும்..."

"வெளிய போங்கன்னு சொல்லுதேன்லா."

ஆட்களை வரச் சொல்லி மேலடுக்குகளை இறக்கினார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு மேலாளரே பேசினார். பட்டையை யாரும் வெட்டக் கூடாது, பேலை முழுசாக வெளியே கொண்டுபோய்க் கட்டாந்தரையில் போட வேண்டும் என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தது கதவுக்கு வெளியே எங்களுக்குக் கேட்டது. தள்ளுவண்டியில் ஏற்றி வாசல் வரை கொண்டுவந்துவிட்டார்கள். பெரிய கதவைத் திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது. சூட்டில் இற்றுப்போயிருந்த பட்டை ஒன்று தெறித்தது. பேல் ஒரு பக்கம் வாய் பிளந்தது. உள்ளே கறுப்பு, அதற்கு நடுவே செக்கச்செவேலென்று ஒரு குழி. ஒரு கணம் அது அப்படியே இருந்தது. பிறகு பற்றிக்கொண்டது.

தள்ளியவர்கள் விலகினார்கள். அத்தான் விலகவில்லை. பேல் வாசலில் நின்றால் தீ குடோனுக்குள் திரும்பிவிடும் என்று வெறுங்கையால் வண்டியை வெளியே தள்ளினார். அதை வெளியே கொண்டுவந்துவிட்டார். ஆனால் அது கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பேலும் ஏற்கெனவே கனன்றிருந்தது. அது உள்ளேயே எழுந்தது. கதவை இழுத்து மூடினார்கள். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் கூரைத் தகடுகளுக்கு இடையே புகை வரத் தொடங்கியிருந்தது.

குடோனில் பாதி போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. அத்தானுக்கு இரண்டு முழங்கைகளுக்குக் கீழே வெந்துவிட்டது.

மருத்துவமனையில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"தினமும் அந்தத் திரையப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்னு சொல்லுவாவ. பச்சையாத்தான இருந்துச்சு?"

"பச்சையாத்தான்க்கா இருந்துச்சு."

"பெறகு எப்படி?"

மெமரி, சுட்டி என்றெல்லாம் தொடங்கி விட்டுவிட்டேன். "நேத்து உள்ள சூட்டத் தனியா எழுதி வைக்கலக்கா. இன்னைக்கு ஏறுனா நேத்தும் சேந்து ஏறிரும். அதனால வித்தியாசம் தெரியாது" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "இன்னைக்கு ஏறுனா நேத்து எப்படிட்டி ஏறும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. அதன் பிறகு எங்கள் வேலையைப் பற்றி அவள் எதுவும் கேட்டதில்லை.

தோழி இரண்டு நாள் அறைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து ஜன்னலை அவளே மூடிவிட்டு உட்கார்ந்தாள். பைண்டிங்கை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தோம்.

அளவு எடுக்கும்போதே எண்ணைப் பிரதி எடுத்துவிட வேண்டும். எடுத்த நேரத்தையும் அதோடு சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். பிறந்த பிறகு அந்தப் பொருள் மாறவே கூடாது. சூட்டைக் கேட்கலாம், நேரத்தைக் கேட்கலாம். கேட்பதற்கு கெட்டர் உண்டு, மாற்றுவதற்கு செட்டர் எதிலும் கிடையாது. பழைய பைண்டிங்கில் அளவின் மேல் புது எண்ணை எழுதவும் அவள் வழி விட்டிருந்தாள், டெஸ்டுக்கு வசதியாக இருக்கும் என்று. அதை எடுத்தோம். புதிதாகப் பெட்டியிடம் போய்க் கேட்க வேண்டுமானால் 'படி' என்று ஒரு கட்டளை கொடுத்தே கேட்க வேண்டும். வெறுமனே சூட்டைப் பார்ப்பதுபோலத் தோற்றம் காட்டிக்கொண்டு, ரகசியமாகப் பெட்டியிடம் ஓடும் எதையும் விட்டுவைக்கவில்லை.

"மெமரி?" என்று ஒருமுறை நான்தான் கேட்டேன்.

அவள் அளந்து பார்த்தாள். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூச்சு முட்டும் என்று அவள் பயந்தது நடக்கவே இல்லை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "முன்னாடியே அளந்திருக்கலாம்" என்றாள்.

டீக்குள் குச்சியை விடும் அந்தச் சோதனையையே டெஸ்டாக எழுதிவைத்தோம். போலி அளவுகளை எல்லாம் தூக்கிப் போட்டோம்.

பிறகுதான் அவளுக்கு இணையம் நினைவுக்கு வந்தது. அந்த பைண்டிங்கைப் பொதுவில் போட்டிருந்தாள் அல்லவா? எத்தனையோ பேர் இறக்கியிருந்தார்கள். யார் என்று தெரியாது. இறக்கியவர்கள் பெயர் சொல்லிவிட்டுப் போவதில்லை. புதுப் பதிப்பைப் போட்டு, பழையதை உடனே விட்டுவிடுங்கள், இரண்டு அளவுகளை ஒப்பிட்டால் எப்போதும் பூஜ்யம்தான் வரும், நெருப்பு அபாயம் உண்டு என்று மேலேயே எழுதினோம். பழைய பதிப்பைத் திரும்பப் பெற்றதாகவும் குறித்தோம். ஆனால் ஏற்கெனவே இறக்கியவர்களின் கணினியிலிருந்து அதை எடுக்க எங்களிடம் வழி இல்லை.

சில பேர் நன்றி சொல்லி எழுதினார்கள். ஒருவர் மட்டும் கோபமாக எழுதினார். வடக்கே எங்கோ ஒரு சரக்குக் கிட்டங்கி, எந்த ஊர் என்று சொல்லவில்லை. புதுப் பதிப்பைப் போட்டதும் அவருடைய நிரல் நின்றுவிட்டதாம். அளவுகளின் மேல் அவர் எழுதிக்கொண்டிருந்தார், இப்போது அது முடியவில்லை. எதற்காகச் செட்டரை எடுத்தீர்கள், வேலை செய்துகொண்டிருந்ததை ஏன் கெடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார். பழைய பதிப்புக்கே திரும்பிவிட்டதாகவும், அதில் எல்லாம் நிம்மதியாக ஓடுவதாகவும் கடைசியில் ஒரு வரி.

தோழி அன்றே பதில் எழுதினாள். நடந்ததை எல்லாம் எழுதினாள், அத்தானின் கையைப் பற்றிக்கூட. உங்கள் நிரலை நாங்களே மாற்றித் தருகிறோம், எங்களைக் கூப்பிடுங்கள் என்று எண் கொடுத்தாள். பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதினாள். கிட்டங்கியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதையாவது சொல்லுங்கள் என்று கேட்டாள்.

அத்தான் கை ஆறி வேலைக்குத் திரும்பிவிட்டார். குடோனில் போடவில்லை, நூல் கட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். தலைவலி இல்லை. விரல்களை முழுசாக மடக்க முடியாது. மில்லில் புது பைண்டிங் ஓடுகிறது. இப்போது மாற்றக் கட்டத்தில் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. அவ்வப்போது மஞ்சள் வருகிறது, ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

வடக்கேயிருந்து இன்றுவரை பதில் இல்லை. தோழி காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிப் போடுவதற்கு முன்பே கைபேசியில் மின்னஞ்சலைத்தான் பார்க்கிறாள். நான் கேட்பதில்லை. அவளே இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.